பின் மேசைக்காரர்

கதாநாயகன் அழுதால் எனக்குச் சிரிப்பு வரும்.
நகைச்சுவைத் தொடர்களிலோ
நமக்கு முன்னே அவர்களே சிரித்துத் தீர்த்துவிடுகிறார்கள்.

நான் பார்ப்பது
மதுக்கடைக் காட்சியில்
பின் மேசையில் இருக்கும் ஆளை.
பத்தொன்பது வருடமாய் அதே பழுப்புத் தொப்பி.
இரண்டு கொலை, ஒரு தீ விபத்து, ஏழு கல்யாணம்.
கோப்பையில் கால்வாசிகூடக் குறையவில்லை.

கிரிம்ஸ்பி மீன் ஆலையில்
என்னோடு பெட்டி அடுக்கும் வின்னிஃப்ரெட் கேட்பாள்,
"யாருடி அது?"
பெயர்ப் பட்டியலிலும் இல்லை.

போன செவ்வாய்
அவருக்கு ஒரு வசனம் கொடுத்தார்கள்.
"மழை விட்டுடுச்சா?"

மோசம்.
வாய் திறக்குமுன்னே
கண் கேமராவைத் தேடிப் போய்விட்டது.
எழுந்து கெட்டிலைப் போட்டேன்.

வியாழக்கிழமை அந்த மேசை காலி.
யாரோ ஒருத்தி வந்து
கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்,
வசனமில்லாமல்.
இடது கைக்காரி போல.