ஐம்பத்து நான்கு பெட்டி

செவ்வாய் இரவு ஏழு மணி, பாஸ்டன் நூலகத்து மாடி.
அமெரிக்காவில் இருப்பது இல்லை,
லிங்கன்ஷையரில், முட்டைக்கோஸ் வயல்களுக்கு நடுவே
சேற்றுப் பூட்ஸோடு நிற்கிற பாஸ்டன்.
ஸ்த்ராவ்கா தன் ஈரச் சாக்ஸை
ஹீட்டர் மேல் விரித்துவிட்டு
நோட்டைத் திறக்கிறாள்.

எண்ண முடிந்தால் மெனி.
முடியாவிட்டால் மச்.
பட்டாணியை எண்ணலாமாம்,
அரிசியை எண்ணக்கூடாதாம்.
நாலு நாற்காலி, ஒரு மேசை எண்ணலாம்;
அவையே ஃபர்னிச்சர் ஆனதும்
கணக்கிலிருந்து தப்பிவிடுமாம்.
"பணமும் எண்ண முடியாத பெயர்ச்சொல்"
என்று ஜெமைமா பலகையில் எழுத,
லிதுவேனியாக்காரன் விடெனிஸ் சிரித்தே விட்டான்:
"வெள்ளிக்கிழமை ராத்திரி
நான் வேறென்ன செய்கிறேன்?"

ஸ்த்ராவ்கா சிரிக்கவில்லை. கை தூக்கினாள்.
முட்டைக்கோஸ்?

ஜெமைமா பேனா மூடியைக் கடித்தாள்.
வயலில் நின்றால் மெனி.
பொடியாக நறுக்கித் தட்டில் வைத்தால் மச்.

"அப்படியென்றால்
ரெண்டுக்கும் நடுவில் இருப்பது கத்தி"
என்று எழுதிக்கொண்டாள்,
பல்கேரிய எழுத்தில்.

வியாழக்கிழமை டிரெயிலர் ஓரத்தில் மேஸ்திரி டாரன்
தாளைப் பார்த்தபடியே கேட்டான்: ஹவ் மச்?
பதிலுக்குக் காத்திராமல்
ஐம்பத்தொன்று என்று போட்டான்.
பெட்டிக்குப் பத்துக் காய்,
பெட்டிக் கணக்கில் கூலி.
அவள் கணக்கில் ஐம்பத்து நான்கு.

"மச் இல்லை" என்றாள். "மெனி."

அவனுக்கு விளங்கவில்லை.
பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி,
அதன் விதியை யாரும் அவனிடம் கேட்டதில்லை.

"மெனி. எண்ணு."

மழை. வேன் எஞ்சினை அணைத்தது.
பதினோரு பேர் நின்று பார்க்க
பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினோம்,
ஒன்று என்று அவளும் ஒன்று என்று அவனும்
இரண்டு மொழியில்.

ஐம்பத்து மூன்று.

இரண்டு அவன் பிழை. ஒன்று அவள் பிழை.
அவள் முகம் அந்த ஒன்றுக்காகத்தான் சிவந்தது.

அடுத்த பாடம் லிட்டில், எ லிட்டில்.
முன்னால் ஒரு 'எ' வந்தால்
கொஞ்சம் இருக்கிறது, சமாளிக்கலாம்.
வராவிட்டால் கொஞ்சமே.
என் மொழியில் தலைகீழ்:
'ஏ' பின்னால் வந்து ஒட்டும்.
ஒட்டினால் உள்ளதும் போச்சு.

இதை அவளிடம் வேனில் சொன்னேன்,
விடியாத ஐந்தரைக்கு.
எண்ணுவது என்றால் எங்களுக்கு
நினைப்பதும்தான் என்றேன்.
"எங்களுக்கும் அப்படி ஒரு சொல் உண்டு" என்றவள்
ஃபிளாஸ்க்கைக் குலுக்கிப் பார்த்தாள்.

காபி இருக்கிறதாம், லிட்டில்.
அதற்கு முன்னால் 'எ' சொன்னாளா,
எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

மூடியைக் கழற்றி நீட்டினேன்.