அசையாதிருக்க ஐந்து ரூபாய்

ஞானஸ்நானப் பேர் மொடெஸ்ரா.
அடக்கமானவள் என்று பொருளாம்.
கொட்டாஞ்சேனைப் பாதிரியார் தேர்ந்த பேர்.
அவரும் என்ன செய்வார்.

பம்பலப்பிட்டியில் கடலைப் பார்த்த மாடியறை.
எவரட் கதிரையை இழுத்துப்போட்டு
"கழுத்து, கழுத்து" என்பான்.
முழங்காலில் நுளம்பு குடித்து முடியுமட்டும்
நான் சலவைக்கல்.
மணிக்கூடு இல்லை. கோச்சி இருக்கிறது.
பாணந்துறைக் கோச்சி போகையில்
யன்னல்கட்டையில் டேர்பன்ரைன் போத்தல் நடுங்கும்:
மூன்றாவது நடுக்கத்துக்கு ஒரு பிளேன்ரீ,
நான்காவதுக்குச் சேலை.

மடியில் ஓர் அன்னாசி.
படத்துக்கு வைத்தது, தின்னக் கூடாது.
நாலு நாளில் கனிந்து, அழுகி,
தொடையில் பிசுபிசுத்து ஒழுகியது.
ஐந்தாம் நாள் எவரட்
அதன் மஞ்சளைச் சரிக்கட்டினான்.
என் அப்பெண்டிக்ஸ் தழும்பை விட்டுவிட்டான்.
தர்மவர்தனவும் களிமண்ணில் விட்டான்.
பரீசுக்குப் போய்வந்த ஹெக்டர்
என்னை மூன்றாய் உடைத்து அடுக்கினான்.
மூன்று வயிற்றிலும் தழும்பில்லை.

பகல் முழுக்கப் பூட்டிய வாய்
வெள்ளி இரவில் திறக்கும்,
கொள்ளுப்பிட்டி நிலவறையில்,
மேசை துடைக்காத ஒரு கிளப்பில்.
மற்றவர்கள் பாடுவார்கள். எனக்குச் சீழ்க்கை.
சாக்ஸபோன் சவரிமுத்து ஒரு வரி ஊத
உதட்டால் மடித்துத் திருப்பிக் கொடுப்பேன்.
இராத்திரியில் சீழ்க்கையடித்தால் பாம்பு வரும் என்பாள் அம்மா.
வந்தன.
துறைமுகத்துக் கிளாக்குமார், சட்டக்கல்லூரிப் பெடியள்,
என்னிடமே இரண்டு ரூபாய் கைமாத்து வாங்கி
என்னைப் பற்றியே கவிதை எழுதிய ஒருவன்.
நதி என்று எழுதியிருந்தான்.
நதியிடம் பட்ட கடனை யார் அடைப்பார்.

போன மார்கழி, கறுவாத்தோட்டத்தில் விருந்து.
சீழ்க்கைக்கு அறுபது ரூபாய். கார் அனுப்பினார்கள்.
பியானோவுக்கு மேலே
பொன் சட்டத்துக்குள் நான்.
கீழே பித்தளைத் தகடு:
'கிராமத்துப் பெண், அன்னாசியுடன்.'
ஜிந்துப்பிட்டிச் சந்தில், தண்ணீர்ப் பைப்படியில் வளர்ந்தவள்.
எனக்கு ஏது கிராமம்.

"அவள் முகத்தில் எவ்வளவு அமைதி" என்றாள்
வீட்டுக்காரி, இங்கிலீஷில்.
பசி அம்மணி அது.
சொல்லவில்லை, உதட்டை நனைத்துக்கொண்டிருந்தேன்.
இருபது முப்பது பேர். ஒருத்தருக்கும் தெரியவில்லை.
உடுத்திருந்தேன் அல்லவா.

இடைவேளையில் கிட்டப் போய்ப் பார்த்தேன்.
உப்புக் காற்றோ, எவரட் வாங்கும் மலிவுப் பெயின்றோ,
வயிற்றில் நிறம் வெடித்திருந்தது,
ஒரு விரல் நீளம்.
கொஞ்சம் நெஞ்சு அடித்தது, உண்மை.
ஆனால் இடப்பக்கம்.
என்னுடையது வலம்.

வெள்ளைச் சட்டைப் பையன் தட்டோடு வந்தான்:
அன்னாசித் துண்டுகள், பல்லுக்குச்சி குத்தி.
ஆறு தின்றேன்.
உதடு எரிந்து
அடுத்த பாட்டுக்குச் சீழ்க்கை வரவில்லை,
வெறும் காற்றுத்தான் வந்தது.
சவரிமுத்து திரும்பிப் பார்த்தான்.
நான் இன்னொரு துண்டு எடுத்தேன்.