அடித்த வரிக்குக் கீழே

கிரிம்ஸ்பி நகரசபை, மூன்றாம் மாடி, தத்தெடுப்புப் பிரிவு.
மீன்துறைப் பக்கமிருந்து காற்று வந்தால்
ஜன்னலைச் சாத்திவிடுவோம்.
மற்றவர்களெல்லாம் வீடு வீடாய்ப் போகிறவர்கள்.
தத்துக் கேட்டவரின் மாடிப்படியில் தடுப்பு உண்டா,
நாய் கடிக்குமா,
முதல் கல்யாணம் ஏன் முறிந்தது
எல்லாவற்றையும் தேநீர் ஆறுவதற்குள் கேட்டுவிடுவார்கள்.
பிறகு ஒரு குழு கூடி, கலைந்து,
மறுபடி கூடி, சரி என்கிறது.
நீதிபதி கையெழுத்திட்டுவிட்டுத்
தன் டோப்பாவைக் குழந்தையின் தலையில் கவிழ்த்துப்
படமெடுத்துக்கொள்ள விடுகிறார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் என் வேலை.

கிளெனிஸ் ஆப்பிள்யார்ட். கடிதத் தொடர்பு. பகுதி நேரம்.
வளர்ப்பவர் வீடு பெற்றவளுக்குத் தெரியாது,
பெற்றவள் வீடு வளர்ப்பவருக்குத் தெரியாது.
இருவருக்கும் தெரிந்த ஒரே முகவரி
என் மேசை.
ஆண்டுக்கு ஒன்று அங்கிருந்து, ஒன்று இங்கிருந்து.
பிரிப்பேன், படிப்பேன்.
ஊர்ப்பெயர், குடும்பப்பெயர், சட்டையில் பள்ளிச் சின்னம்
எது கண்ணில் பட்டாலும்
கறுப்பு மார்க்கர்.
ஒரு வருடம் மலிவான மார்க்கர் வாங்கித் தந்தார்கள்.
விளக்குக்கு நேரே பிடித்தால் எழுத்து தெரிந்தது.
யாரோ ஒருத்தி தெரிந்துகொண்டு ரயிலேறிய பிறகுதான்
நல்ல மார்க்கருக்கு அனுமதி வந்தது.

வராத கடிதத்துக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு.
வரவில்லை, தேதி, என் முதலெழுத்து.
நாற்பதாம் கோப்பில் பதினொரு வரிகள், எல்லாம் என் கையெழுத்து.

நூற்றுப் பதினேழாம் கோப்பு. பையனுக்கு ஏழு வயது.
ஜூன் மாதம், கோடு போட்ட தாளில்:
"எனக்கு ரெண்டு பல் விழுந்துடுச்சு.
என் ஜன்னல்லேருந்து பார்த்தா
சிவப்புக் கலங்கரை விளக்கம் தெரியும்."
இந்தக் கரையோரத்தில் சிவப்பு விளக்கங்கள் எத்தனை?
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
அடித்தேன்.
ஒரு கலங்கரை விளக்கத்தை அணைக்க
இரண்டு இழுப்பு போதும்.

அக்டோபரில் பதில்.
ஒப்பந்தப்படி அம்மா என்று போடக் கூடாது;
கெர்ரி-லீ என்று மட்டும் போட்டிருந்தாள்.
"நீ ஜன்னல்ல என்ன பார்க்கிறேன்னு தெரியல.
நகத்தால சுரண்டிப் பார்த்தேன், பல்புல காட்டிப் பார்த்தேன்.
கடைசியில குதிரைன்னு முடிவு பண்ணிட்டேன்.
குதிரைய விசாரிச்சதாச் சொல்லு."

விதிகளைப் புரட்டினேன்.
குதிரை ஊரைக் காட்டிக் கொடுக்காது.
மிரட்டல் இல்லை, வாக்குறுதி இல்லை,
கூட்டிப்போக வருவேன் என்ற பேச்சில்லை.
உண்மையும் இல்லைதான்.
அதற்கு விதி இல்லை.
மேலதிகாரி ரோசலிண்ட் விடுப்பில் இருந்தாள்.
இரண்டு நாள் மேசையில் வைத்திருந்து
அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஜூன்.
மேலே குத்தியிருந்த சீட்டில் வளர்ப்புத் தாயின் எழுத்து:
எங்களிடம் குதிரை கிடையாது. அவனாக எழுதியது. நாங்கள் திருத்தவில்லை.
கீழே அவன்:

"குதிரை நல்லா இருக்கு. கொஞ்சம் வயசாயிடுச்சு.
எவ்ளோ காத்தடிச்சாலும் நின்ன இடத்தைவிட்டு நகராது.
ராத்திரி அதோட கண்ணு சுத்திச் சுத்தி எரியும்,
கப்பல் எதுவும் இடிச்சிக்கக் கூடாதுன்னு."

மார்க்கரின் மூடியைத் திறந்தேன்.

எட்டு வயது.
என் கறுப்பைச் சுற்றிக்கொண்டு
அந்தப் பக்கம் போய் நிற்கிறான்.
சிவப்பு என்று எழுதவில்லை.
விளக்கம் என்றும் எழுதவில்லை.
குதிரையின் கண்ணை அடிக்கச் சொல்லி
எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

நான்கு மணிக்குத் தபால் பை போனது.
ஐந்து மணிக்குப் பார்த்தால்
மார்க்கர் காய்ந்து கிடந்தது.
புதிது கேட்டுப் படிவம் நிரப்பினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
மூடி திறந்திருந்தது என்று எழுதினேன்.