தொடலாம்

வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்
தொடலாம் என்று.
ஆஷின் எழுத்துக்கூட்டி வாசித்தான்,
பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்
நம்மளுமா என்பதுபோல.

போன மாதம் பத்மநாபபுரம் அரண்மனையில்
கறுப்புத் தரையில் குனிந்து அவன் முகம் பார்த்ததற்கே
ஒருவர் விசில் ஊதினார்.
கட்டிலைத் தொடாதே, தூணைத் தொடாதே என்று
மிச்ச அரண்மனை முழுக்க
நானே ஊதிக்கொண்டு நடந்தேன்.

இது நாகர்கோவிலில்
முன்பு டயர் குடோனாகக் கிடந்த கொட்டகை.
வாடை இன்னும் போகவில்லை.
ஆளுக்கு முப்பது ரூபாய்,
நாலு வயதுக்குக் கீழே இலவசம்.
ஜெனிஷாவுக்கு நாலு முடிந்து ஒரு வாரம்.
"மூணு" என்றேன்.
நாலு விரலை விரித்து
சீட்டு கிழிப்பவர் மூக்குக்கு நேரே நீட்டினாள் பிள்ளை.

உள்ளே
தகரச் சானலில் தண்ணீர் ஓடுகிறது.
பலகை வைத்து அடைத்தால் குளம், எடுத்தால் வயல்.
ஆஷின் அடைத்தான்.
கீழே நின்ற யாரோ ஒரு பையன்
"எனக்க வயலுக்கு தண்ணி விடுலே" என்று கத்தினான்.
ஐந்து நிமிடத்தில் இரண்டு கட்சி,
ஒரு பேச்சுவார்த்தை,
மூன்று நனைந்த சட்டை.

கண்ணாடித் தட்டில் மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணல்.
அடியில் காந்தத்தை நகர்த்தினால்
மணலுக்கு முடி முளைக்கிறது.
ஜெனிஷா அதற்கு நடுவகிடு எடுத்துவிட்டாள்.

அப்புறம் அந்த மிஷின்.
மஞ்சள் பனியன் போட்ட அபிஷா
பெருவிரலை வைக்கச் சொன்னாள்.
சுவர் அளவுக்கு எழுந்தது ஆஷினின் ரேகை,
பலாத்தடியை அறுத்த வெட்டுமுகம்போல.
ஜெனிஷாவுடையது
மழைக்குச் சுருண்ட நத்தை.
"அம்மைக்கு?"

வைத்தேன்.
வெள்ளை.
சேலையில் துடைத்துவிட்டு வைத்தேன்.
வெள்ளை.
"ஈரமா இருக்கும்க்கா" என்றாள் அபிஷா.
ஈரமில்லை பிள்ளே,
பதினொரு வருசம் அண்டி ஆபீசில்
தோட்டெண்ணெய் தின்ற விரல்.
ரேசன் கடை மிஷினில்
இந்த வெள்ளை எனக்குப் பழக்கம்தான்.
அங்கே பின்னால் வரிசை முனகும்.
இங்கே பின்னால் நிற்பது இவர்கள் ரெண்டு பேரும்.

"அம்மைக்க வெரல யாரோ அழிச்சாச்சு!"
கொட்டகைக்கே கேட்டது.

அடுத்தது ஓட்டை போட்ட பெட்டி.
கைவிட்டு, பார்க்காமல், என்னவென்று சொல்ல வேண்டும்.
ஆஷின் ரப்பர் கொட்டையைப் பாம்பு முட்டை என்றான்.
ஜெனிஷா கைவிட மாட்டாளாம்,
உள்ளே ஆள் இருக்கிறதாம்.
நான் விட்டேன்.
தும்பு.
ரப்பர் கொட்டை.
சிப்பி, விளிம்பு உடைந்தது.
நல்லமிளகு.
கடைசியில் ஒன்று, விரல் வளைவில் தானாக வந்து படுத்தது.
"பருப்பு. முழுசு. இருநூத்தி நாப்பது."

"அதென்னக்கா இருநூத்தி நாப்பது?"
"சைஸ். ஒரு ராத்தலுக்கு எத்தன நிக்கும்னு."
அபிஷா பெட்டியைத் திறந்து
அந்த ஒற்றைப் பருப்பை முதல்முறையாகப் பார்த்தாள்.
அதற்குள் ஆஷின்
வயல் பையனிடம் ஓடிப் போய்
உள்ளே இருநூத்தி நாப்பது அண்டி கெடக்கு,
எங்கம்மை தொட்டே எண்ணியாச்சு
என்று சொல்லிக்கொண்டிருந்தான்.
திருத்தவில்லை நான்.

வரும்போது ஆளுக்கொரு தாள் தந்தார்கள்,
அவரவர் ரேகை அச்சடித்து.
என் தாளில்
சாம்பல் நிறத்தில் ஒரு முட்டை, அவ்வளவுதான்.

கருங்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து
ஜெனிஷா என் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.
முட்டைக்குள் கோடு போட ஆரம்பித்தாள்.
இரணியல் வரை ஒழுங்காகத்தான் போயிற்று.
திங்கள்நகரில் டிரைவர் பிரேக் அடித்ததில்
ஒரு கோடு சுழித்தது.
பிறகு பள்ளத்துக்கொரு சுழி.
முட்டை போதாமல் தாளுக்கு வந்து,
தாள் போதாமல் என் சேலைக்கு வந்து.

"நாளைக்கு ரேசன் கடையில இதக் காட்டு" என்றாள்.
மடித்துப் பர்சில் வைத்தேன்.

சேலையில் பட்டதை ராத்திரி சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.
போகவில்லை.