கவர் பாயிண்ட், 1948–59

விக்கிரமசிங்கபுரம் மில் அணி.
பதினோரு பருவம், எழுபத்திரண்டு ஆட்டம்.
மட்டையால் எடுத்தது நானூற்றுப் பதிமூன்று ரன்,
சராசரி ஆறு புள்ளி எட்டு.
அதிகபட்சம் இருபத்தொன்பது,
அதிலும் நாலு கோவில்பட்டிக்காரன் காலிடுக்கில் போனது.
பந்து வீசியதில்லை.

சங்கத்தின் கணினியில் இவ்வளவையும் தட்டிவிட்டு
அடுத்த பெயருக்குப் போயிருப்பேன்.
ஓரத்தில் பச்சைப் புள்ளிகள் இருந்தன.

ரன் அவுட் என்றால் ஸ்கோர் புத்தகத்தில்
அவுட்டானவன் பெயர் உண்டு,
ஆக்கினவன் பெயருக்கு இடமில்லை.
அச்சடித்தவன் அப்படி அச்சடித்துவிட்டான்.
ஸ்கோர் எழுதிய குற்றாலிங்கம்
வார நாட்களில் மில் ஆஜர்ப் பட்டியல் எழுதுகிறவர்.
வந்தவனை வரவில்லை என்று எழுதிப் பழக்கமில்லை அவருக்கு.
பென்சிலைச் சீவிக்கொண்டு
முதல் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்திருக்கிறார்:
"பச்சை என்றால் மாசிலாமணி கை."

எண்ணினேன். நம்பாமல் மறுபடி எண்ணினேன்.
நாற்பத்து மூன்று.
பிடித்த கேட்ச் ஐம்பத்தெட்டு.
விட்டது ஒன்பது.
மாசு இலா மணிக்கு ஒன்பது மாசு,
ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம்:
வெயில்.
வெயில்.
ராத்திரி ஷிப்ட்.
ஆடிக் காற்று பந்தைப் பாதியில் திருப்பிவிட்டது.
ராத்திரி ஷிப்ட்.
மோதிர விரல் கதிரில் மாட்டின வாரம்.
ராத்திரி ஷிப்ட்.
வெயில்.
காரணமில்லை, விட்டான்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம்.
எறிந்து கொடுத்தவனுக்கு அதில் தனிக் கட்டம்,
கோட்டை விட்டவனுக்கும் தனிக் கட்டம்.
நூறு வருஷத்துக்கு முந்தி ஆடிச் செத்தவன்
எத்தனை தடவை எறிந்தான் என்று
இன்றைக்கும் சொல்கிறார்கள்.
எனக்கு வயிறு எரிகிறது.

கல்லிடைக்குறிச்சி அணியில் ஒரு பேச்சு உண்டாம்:
"ஓடாதேயும் வே, அங்க மாசிலாமணி நிக்கான்."
ஓடாத ரன்களை
எந்தக் கட்டத்தில் போட?

பிறகு 1956 ஆவணி, அம்பாசமுத்திரத்தோடு.
அவர்களுக்குக் கடைசி விக்கெட், ஜெயிக்க இரண்டு ரன்.
முப்பத்தோராவது ஓவர், நாலாம் பந்துக்கு நேரே
புள்ளிக்குப் பதில் எழுத்து:
"இரண்டாவது ரன்னுக்குத் திரும்பிய சங்கரபாண்டி
நடுவில் விழுந்தான். பந்து மா. கையில். எறியவில்லை.
எழுந்து வந்து முடித்தான்."
கீழே கோடு. தோற்றோம்.

சங்கரபாண்டியைப் பழைய பக்கங்களில் தேடினேன்.
1953 வரை நம் விக்கெட் கீப்பர்.
மாசிலாமணி எறிந்து விழுந்த விக்கெட்டில் பத்தொன்பது
அவன் கையில் வாங்கி அடித்தவை.
மில் வேலைநிறுத்தம் நடந்த வருஷத்தோடு
நம் பட்டியலில் பெயர் நின்றுவிட்டது.
வேறொன்றும் எழுதவில்லை குற்றாலிங்கம்.
அது ஸ்கோர் புத்தகம்.

ஆனால் அந்த வரியின் ஓரத்தில்
தாள் கொஞ்சம் குழிந்திருக்கிறது.
கண்ணுக்குத் தெரியாது,
நகத்தால் தடவினால் தட்டும்.
அழுத்திப் புள்ளி வைத்து
ரப்பரால் தேய்த்திருக்கிறார்.

நாற்பத்து மூன்றா, நாற்பத்து நாலா?
திங்கட்கிழமை செயலாளர் கேட்பார்.
கட்டத்துக்குள் கோல் மினுங்கிக்கொண்டே இருக்கிறது.