பன்னிரண்டாம் எண்

இரவு பதினொன்று பத்து. குதைபியா.
கீழே கோல்டு ஸ்டோர்க்காரன் ஷட்டரைப் பாதி இறக்கி
மீதிப் பாதியில் ஒருவனுக்குத் தயிர் விற்கிறான்.
மேலே மூன்றாம் மாடியில்
எனக்கு வரவேண்டிய கோப்பு
வரமாட்டேன் என்கிறது.

காலை ஆறுக்கு சித்ராவில் நிற்கவேண்டும்.
(பெண்ணல்ல. தீவு.
எண்ணெய்த் தொட்டிகள் வெயிலில் உட்கார்ந்திருக்கும்.)
குழாய்த் தடத்தின் வரைபடம் அத்தனையும்
மூட்டையாய்க் கட்டிய ஒரே ஜிப்.
ஆபீஸ் சர்வர் பழசு,
முகவரியில் பூட்டுப் படம்கூடக் கிடையாது.
தொடங்குகிறது, நன்றாகத்தான் தொடங்குகிறது,
அப்புறம் ஒரு சிவப்பு வரி:
தோல்வி. தடுக்கப்பட்டது.
யார் தடுத்தது என்று
எந்தத் தடையும் எழுதிவைப்பதில்லை.

ஆன்டிவைரஸை அணைத்தேன்.
ஃபயர்வாலை அணைத்தேன்,
தாழ்ப்பாள் இல்லாத குளியலறையில் நிற்கும் கூச்சத்தோடு.
பிரவுசரை மாற்றினேன்.
டிஸ்கில் இடம் பார்த்தேன்: இருக்கிறது,
என் கட்டிலைச் சுற்றி இருப்பதைவிட அதிகம்.
போன் டேட்டாவில் இறக்கலாம்,
மீதி முந்நூறு ஃபில்ஸ்.

போர்வைக்குள்ளிருந்து அருமைநாயகம் சொன்னார்:
"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."
ஏசி மெக்கானிக். பதினான்கு வருஷமாய்
பஹ்ரைன் முழுக்க இந்த ஒரே மருந்துதான்.
செய்தேன். ரௌட்டர் கண்ணை மூடி
ஒவ்வொரு விளக்காய் யோசித்து யோசித்து விழித்தது.
அதே சிவப்பு.

படம் வருகிறது. பிடிஎஃப் வருகிறது.
ஹெச்ஆர் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து,
போன மாதத்தது, கேட்காமலே வருகிறது.
அருமைநாயகத்தின் போனில், அதே வைஃபையில்,
அதே சர்வரின் ஒரு குட்டி ஜிப்
சமர்த்தாய் வந்து உட்கார்ந்தது.
ஆக, தடுப்பது வாசல்.
தடுக்கப்படுவது நான்.
நேற்றுவரை விட்டதே?

ரௌட்டர் எங்களுடையதல்ல.
முன்பு இங்கிருந்த காயல்பட்டினத்துக்காரர்
செய்யது இபுறாகீம்,
குடும்பத்தோடு விமானமேறும் அவசரத்தில்
ஐந்து தினாருக்குக் கொடுத்தது.
பாஸ்வேர்டு வயிற்றில் ஒட்டியிருக்கு என்று
ஆமையைப் புரட்டுவதுபோல் புரட்டிக் காட்டினார்.

புரட்டினேன். உள்ளே போனேன்.
பட்டியலுக்குள் பட்டியல்,
கடைசிப் பக்கத்தின் கடைசியில் ஒரு விதி:
எண் பன்னிரண்டு கொண்ட கணினிக்கு
இரவு பத்து முதல் காலை ஆறு வரை
ஜிப் கூடாது. விளையாட்டுத் தளம் கூடாது.
விதிக்கு ஒரு பெயர் கேட்கும் ரௌட்டர்.
ஒன்று, இரண்டு என்று போட்டுவிட்டுப் போவோம்.
அவர் போட்டிருந்தார்,
ஆங்கில எழுத்தில் தமிழாக:
ஷிஃபா தூங்கும்மா.

மத்தியானம் கரண்ட் போய்வந்தது.
சீட்டைக் கலைத்து மறுபடி போட்டதில்
அவளுடைய பன்னிரண்டு
என் கைக்கு வந்திருக்கிறது.

அவளை நான் பார்த்ததில்லை.
குளியலறைக் கதவில் பாதி உரித்த
நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.
எந்த ஊரில், எத்தனை மணிவரை
இப்போது முழித்திருக்கிறாளோ.
இங்கே நாற்பத்தொரு வயது டிராஃப்ட்ஸ்மேன்
பத்து மணிக்கு மேல் விளையாடக்கூடாது.

விதிக்குப் பக்கத்திலேயே நீக்கு என்று ஒரு பொத்தான்.
அழுத்தவில்லை.
பெரிய காரணமெல்லாம் இல்லை,
கை அங்கே போகவில்லை.
என் எண்ணை இருபத்தொன்பது என்று மாற்றிக்கொண்டேன்.

பச்சைக் கோடு நகர்ந்தது.
ஒன்றே முக்கால் மணி நேரம்.
ஷட்டர் முழுசாய் இறங்கும் சத்தம் கேட்டது.
டெலிவரி பைக் ஒன்று விலாசம் தேடி
இரண்டு தரம் சுற்றிப் போனது.

மூட்டையை அவிழ்த்தேன்.
ரிவிஷன் மூன்று.
நான் கேட்டது நான்கு.

அருமைநாயகம் புரண்டு படுத்தார்.
"வந்துச்சா?"
"வந்துச்சு" என்றேன்.