நாற்பது பக்க நோட்டு

இடப்பக்கம் நான் செய்தது.
வலப்பக்கம் நடந்தது.
முக்கூடல் பஜாரில் வாங்கிய நோட்டு,
பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு.

வைகாசி.
செவ்வாய்தோறும் துணை சுகாதார நிலையத்தில்
பிரஷர் பார்க்கிறேன்.
அட்டை போட்டவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர்,
வந்தவர்கள் பத்தொன்பது.
மிச்சப் பேருக்கு நேராக
பதினொரு வருடமாய் நான் எழுதிவந்தது:
'ஒத்துழைப்பு இல்லை.'
அந்தச் செவ்வாய்தான் அதன் பக்கத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்,
அழித்துவிடலாம் என்ற தைரியத்தில்.

முதல் சுற்று.
நேரத்தை மாற்றினேன், சாயங்காலம் நாலு மணி.
வலப்பக்கம்: எட்டுப் பேர்.
நாலு மணிக்குத்தான் பீடிக்கடையில் கட்டு ஒப்படைப்பு
என்பது ஊர் நாய்க்குக்கூடத் தெரியும்.
எனக்குத் தெரியவில்லை.
அதையும் எழுதினேன், கொஞ்சம் சின்ன எழுத்தில்.

இரண்டாம் சுற்று.
கடை வாசலுக்கே போனேன், மிஷினும் ஸ்டூலுமாய்.
வரிசையில் நின்றவர்கள் கையை நீட்டினார்கள்.
நாற்பத்தொரு பேர்!
அன்றைக்கு ராத்திரி மீன்குழம்பு வைத்துக் கொண்டாடினேன்.
மறுவாரம் பதிமூன்று.
செய்யதம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுச் சொன்னாள்:
"எனக்கு இருநூறுன்னு நீங்க சொன்னது
கணக்கப்பிள்ள காதுல விழுந்தாச்சு.
இவளுக்கு ஏலாதுன்னு நாளைக்கு இலையக் கொறச்சாம்னா
நீங்களா தாரிய?"
வலப்பக்கத்தில் இடம் போதவில்லை.

மூன்றாம் சுற்றுக்குத் திட்டம் எதுவும் இல்லை.
மிஷினை எடுக்காமல் போய்
உலகம்மாள் வீட்டு வேம்படியில் உட்கார்ந்தேன்.
ஆறு பேர், ஆறு சுளகு.
கத்தரி நறுக்க, தூள் விழ, விரல் உருட்ட,
நுனி மடங்க, நூல் சுற்ற,
பேச்சு மட்டும் இல்லை.
ஒரு மணி நேரம் கழித்து
பிரமு சுளகிலிருந்து நிமிராமல் சொன்னாள்:
"நர்சம்மா வந்ததுலருந்து ஏழு தடவ வாச்சப் பாத்துட்டிய."
"எட்டு," என்றாள் உலகம்மாள்.
"'ஏன் வரல'ன்னு பதினாலு தடவ கேட்டிய.
'ஒடம்புக்கு என்ன செய்யுது'ன்னு
ஒரு தடவகூடக் கேக்கல."

இருபத்தைந்து எண்ணிக் கட்டும் விரல்கள்.
எண்ணிக்கையில் தப்பு வராது.

கேட்டேன்.

"அந்த வெள்ள மாத்திரையப் போட்டா
ஒண்ணுக்கு முடுக்குது. ஓடைப்பக்கம் போயிட்டு வரணும்.
ஒருக்க எந்திரிச்சா இருவது பீடி போச்சு.
வாங்கலன்னா நீங்க ஏசுவிய.
அதான், வாங்கி அரிசிப் பானைக்குள்ள போட்டுருவேன்."

பதினொரு வருடம். அரிசிப் பானை.
வாட்சைக் கழற்றிப் பையில் போட்டேன்.

அதன்பிறகு இடப்பக்கம் எனக்கு மட்டும் சொந்தமில்லை.
இலை நனையப் போட்ட பிறகு வரணும்,
ராத்திரி ஏழு மணி, அப்போதுதான் கை சும்மா இருக்கும்
என்றது உலகம்மாள்.
நம்பரை வாயால் சொல்லக்கூடாது, எழுதிக் காட்டணும்
என்றது செய்யதம்மாள்.
டாக்டரம்மா சிலருக்கு மாத்திரையை மாற்றினார்,
சிலருக்கு நேரத்தை.
என் வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாட்டை
ஒன்பதுக்கு மாற்றிக்கொண்டார், முகத்தோடுதான்.

ஐப்பசியில் அறுபத்து மூன்று பேர்.
வட்டாரக் கூட்டத்தில் சதவீதம் கேட்டார்கள்.
ஐம்பத்தாறு என்றேன்.
எப்படி என்றார்கள். நோட்டை நீட்டினேன்.
இடப்பக்கங்களை மட்டும் புரட்டிவிட்டு
"எல்லா ஊருக்கும் ஏழு மணின்னு சர்க்குலர் போட்டுரலாமா?"
என்றார் அதிகாரி.
எல்லா ஊரிலும் ஏழு மணிக்கா இலை நனைகிறது?
கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.
பஸ்ஸில் திரும்பும்போது அதையும் எழுதினேன்,
பாப்பாக்குடிப் பக்கம் குலுங்கிய குலுங்கலில்
எனக்கே வாசிக்க முடியாத கையெழுத்தில்.

கோமு இன்னும் வரவில்லை.
பெயருக்கு நேராக என்ன எழுத என்று கேட்டேன்.
"ஒண்ணும் எழுதாதிய," என்றாள் பிரமு,
இலைக்கட்டைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே.
"நாளைக்கு நான் போயி
அவ பக்கத்துல சுளகப் போட்டு உக்காருதேன்."